ஓஎல்12 வரைபடம்: சனிக்கிழமை அருவிக்கும் ஞாயிற்றுக்கிழமை மலைக்கும்

தெற்கு வேல்ஸ் மலைகளுக்கு வார இறுதியில் போகிறவர்கள் பெரும்பாலும் போடும் திட்டம் ஒன்றுதான்: சனிக்கிழமை நான்கு அருவிகள், ஞாயிற்றுக்கிழமை பென் அ வான் உச்சி. இரண்டும் ஒரே தாளில் அடங்கும் வரைபடம், பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசையின் ஓஎல்12. பிரெகன் பீக்கன்ஸ் தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதி இது. (பூங்கா 2023 ஏப்ரலில் இருந்து பன்னை ப்ரஹெய்னியோக் என்ற வெல்ஷ் பெயரைத்தான் முன்னிறுத்துகிறது. பழைய பதிப்பின் அட்டையில் பழைய பெயர் இருக்கும். உள்ளே இருக்கும் மலை அதே மலைதான்.)

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மலைக்கு இந்த மேப் இல்லாமல் கிளம்பாதீர்கள். அருவிக்கு இதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

முதலில் கையில் கிடைப்பது என்ன என்று பார்ப்போம். அளவு 1:25,000. தரையில் ஒரு கிலோமீட்டர், தாளில் 4 சென்டிமீட்டர். வெளிர்நீலக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர் சதுரம். மூலைக்கு மூலை நடந்தால் சுமார் 1.4 கிலோமீட்டர். இந்த அளவில்தான் வேலியும் கற்சுவரும் தெரியும். வேல்ஸில் அது சின்ன விஷயம் இல்லை. மூடுபனியில் "இடது பக்கம் சுவர் வந்துவிட்டது, இனி அதை ஒட்டியே இறங்கலாம்" என்று தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. தாளை முழுதாக விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் நீளம் வரும். காரின் பானெட்டின் மேல் விரிக்கலாம், மலைமுகட்டில் காற்றில் விரிக்க முடியாது. வீட்டிலேயே அன்றைய பகுதி மட்டும் வெளியே தெரியும்படி மடித்து எடுத்துப் போங்கள்.

காகிதப் பதிப்பு, நனையாத பூச்சுப் போட்ட ஆக்டிவ் பதிப்பு என்று இரண்டு உண்டு. காகிதம் எடை குறைவு, விலையும் குறைவு, சின்னதாக மடியும். ஆனால் மடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாகச் சந்திக்கும் புள்ளியில் முதலில் ஓட்டை விழும், இரண்டு மழைக்குப் பிறகு அந்த ஓட்டை வழியாக ஒரு கிராமமே காணாமல் போகும். பூச்சுப் போட்டது கனம். விறைப்பாக இருப்பதால் சட்டைப் பைக்குள் போகாது. மடிப்பில் நாளடைவில் மை உரியும். ஆனாலும் வேல்ஸுக்குப் பூச்சுப் போட்டதையே வாங்கச் சொல்வோம். காகிதம்தான் வேண்டும் என்றால் கழுத்தில் மாட்டும் மேப் உறை ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். அதற்கும் வழியில்லை என்றால் உறைவிப்பானில் வைக்கும் தடித்த ஜிப் பை போதும்.

அட்டைக்குள் சுரண்டும் பட்டை ஒன்று இருக்கும். அதற்கு அடியில் இருக்கும் குறியீட்டை ஆர்ட்னன்ஸ் சர்வேயின் செயலியில் போட்டால் இதே தாள் போனிலும் இறங்கும். வீட்டு வைஃபையில் இறக்கி, விமானப் பயன்முறைக்கு மாற்றி, திறக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அருவிப் பள்ளத்தாக்கில் போய் இறக்கலாம் என்று நினைத்தால் அங்கே சிக்னல் கிடைப்பதே அதிசயம். பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கினால் அந்தப் பட்டை ஏற்கெனவே சுரண்டப்பட்டிருக்கும். போன் பதிப்பு உங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மேப்பைப் படிப்பதில் புதியவர்கள் விழும் முதல் குழி, கோட்டின் நிறம். பச்சைப் புள்ளிக்கோடு என்றால் நடக்கும் உரிமை உள்ள பொதுப்பாதை: குட்டைக் கோடுகள் நடப்பவர்களுக்கு மட்டும், நீளக் கோடுகள் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. கறுப்புப் புள்ளிக்கோடு என்றால் தரையில் ஒரு தடம் இருக்கிறது, அவ்வளவுதான். உரிமை பற்றி அது எதுவும் சொல்லாது. இதில் வேடிக்கை என்னவென்றால், பச்சைக்கோடு சட்டத்தின் கோடு. தரையில் தடம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பச்சைக்கோட்டை நம்பிப் போய் இடுப்பளவு பெரணிச் செடிக்குள் நிற்பவர்கள் உண்டு; பத்தடி தள்ளி, மேப்பில் கறுப்பாக மட்டும் இருக்கும் தடத்தில் எல்லோரும் நடந்துகொண்டிருப்பார்கள். பச்சையும் கறுப்பும் ஒட்டி ஓடினால் நிம்மதியாகப் போகலாம். பிரிந்தால், கால் கறுப்பைத் தேடட்டும், மனம் பச்சையை நினைவில் வைக்கட்டும்.

வெளிர்மஞ்சள் பூசிய பகுதிகளில் பாதை இல்லாமலும் நடக்கலாம். 2000ஆம் ஆண்டின் சட்டப்படி திறந்துவிடப்பட்ட நிலம் அது; வேல்ஸில் 2005 மேயில் நடைமுறைக்கு வந்தது. பென் அ வானைச் சுற்றிய மேட்டுநிலம் பெரும்பாலும் இந்த மஞ்சள்தான். நாய் கூட்டிப் போகிறவர்கள் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இந்த நிலத்தில் குட்டைக் கயிற்றில்தான் பிடித்திருக்க வேண்டும். தரையில் முட்டையிடும் பறவைகளுக்காக அந்த விதி. ஆடுகள் பக்கத்தில் இருந்தால் எந்த மாதமானாலும் அதே விதிதான்.

சம உயரக் கோடுகளை எண்ணி ஏற்றத்தைக் கணக்கிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எக்ஸ்ப்ளோரர் வரிசையில் சில தாள்களில் கோட்டுக்குக் கோடு 5 மீட்டர், மலைப்பாங்கான தாள்களில் 10 மீட்டர். எண்ணுவதற்கு முன் ஓரக்குறிப்பைப் பாருங்கள். அதைவிட நல்லது, கோட்டின் மேல் அச்சிட்ட உயர எண்ணையே படிப்பது. அந்த எண்ணில் இன்னொரு வசதியும் ஒளிந்திருக்கிறது: எண்ணின் தலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் மேடு. நெருங்கி நெருங்கி ஓடும் கோடுகளைப் பார்த்து இது பள்ளமா மேடா என்று குழம்பினால், எண் தலைகீழாகத் தெரியாதபடி மேப்பைத் திருப்புங்கள். மேலே இருப்பது மலை.

ஊர்ப்பெயர்களும் பாதி வரைபடம்தான். நம் ஊரில் மேடு, பள்ளம், பட்டி, துறை என்று பெயரே நிலத்தைச் சொல்வது போல வெல்ஷ் பெயரும் சொல்லும். பென் தலை அல்லது உச்சி, பூல்ஹ் கணவாய், கூம் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு, நன்ட் ஓடை, ஓகோவ் குகை, ஸ்கூட் இந்தப் பகுதியில் அருவி. க்வைன் என்று ஒரு பெயர் தொடங்கினால் அது ஈரமான மேட்டுப்புல்வெளி. கோடைக்காலம் தவிர மற்ற நாளில் கணுக்கால்வரை நனையத் தயாராகப் போங்கள். உச்சரிப்பும் நாம் பயப்படும் அளவுக்குக் கடினம் இல்லை. டபிள்யூ எழுத்து உயிரெழுத்தாக 'உ' என்று ஒலிக்கும். ஒற்றை எஃப் 'வ' ஆகும். அதனால்தான் பென் அ ஃபேன் என்று எழுதியிருப்பது பென் அ வான். இரட்டை டி வந்தால் நம் 'அது' என்ற சொல்லில் வரும் 'து' ஓசைக்குப் பக்கத்தில் வரும். ஆங்கிலேயர் தடுமாறும் இடத்தில் தமிழருக்கு நாக்கு தானாகவே போகும். இரட்டை எல்லுக்குத்தான் நம்மிடம் எழுத்து இல்லை. அதைச் சொல்லத் தெரியாமல் போனதால் யாரும் மலையில் தொலைந்ததில்லை, விட்டுவிடுங்கள்.

இனி சனிக்கிழமை.

நான்கு அருவி நடைக்கு அஸ்ட்ராட்வெல்ட்டெ கிராமத்துக்குத் தெற்கே க்வைன் ஹெப்ஸ்டே, கூம் போர்த் என்று கட்டணக் கார் பார்க்குகள் இரண்டு. வெயில் அடிக்கும் வார இறுதியில் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் இடம் கிடைப்பது சந்தேகம். கிராமச் சாலை ஒற்றைக் கார் அகலம், ஓரத்தில் நிறுத்தினால் பின்னால் வருகிற ஆம்புலன்ஸும் நிற்கும். மெல்ட்டே ஆற்றின் கிழக்குக் கரை வழியாகத் தெற்கே போனால் முதலில் ஸ்கூட் க்ளின் க்வின், பிறகு கிளைப்பாதையில் இறங்கினால் ஸ்கூட் இசவ் க்ளின் க்வின், ஸ்கூட் அ பன்னூர் இரண்டும்; நான்காவதான ஸ்கூட் அர் எய்ரா பக்கத்து ஹெப்ஸ்டே ஆற்றில். சுற்றி வந்தால் 7 முதல் 8 கிலோமீட்டர். மேப்பைப் பார்த்தால் இரண்டு மணி நேர வேலை போலத் தெரியும். மூன்று முதல் நான்கு மணி நேரம் வையுங்கள்.

மேப் தோற்பது இங்கேதான். இந்த அருவிகள் குறுகிய, ஆழமான பள்ளத்தாக்கில் இருக்கின்றன. மேலே மேட்டுப்பாதை, கீழே ஆறு, நடுவில் செங்குத்தான காட்டுச்சரிவு. ஒன்றுக்கொன்று விரற்கடை தூரத்தில் இருக்கும் இரண்டு அருவிகளுக்கு நடுவில் நேர்வழி கிடையாது. மேலே ஏறி, விளிம்பில் நடந்து, மறுபடி இறங்க வேண்டும். ஸ்கூட் அர் எய்ராவுக்கு இறங்கும் படிகள் மட்டும் நூற்றைம்பதுக்கு மேல், இறங்கியதை அப்படியே ஏற வேண்டும். படி எத்தனை, ஈரத்தில் வழுக்கும் பாறை எது, வேர் பின்னிக்கிடக்கும் இடம் எது என்று 1:25,000 அளவில் வரைய முடியாது. மண்சரிவில் மூடிய பாதையும் அச்சிட்ட தாளில் மூடியதாக இருக்காது. இந்த நடைக்கு மேப்பைவிடப் பாதையோரக் கம்பங்களும் கார் பார்க்கில் ஒட்டியிருக்கும் அறிவிப்பும்தான் பெரிது. கிளம்பும் முன் அந்தப் பலகையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதை மூடல்களைப் பூங்காவின் இணையதளத்தில் முந்தைய நாளே பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

செயலியும் இங்கே முழு உதவி இல்லை. பாறைச்சுவரும் இலைக்கூரையும் செயற்கைக்கோள் சிக்னலை மறைத்து, சிதறடிக்கும். நீலப்புள்ளி உங்களை ஆற்றின் மறுகரையில் காட்டிவிட்டுச் சிரிக்கும். புள்ளி சொல்வதை நம்பிக் குறுக்கு வழி தேடி, சரிவில் இறங்குவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் விபத்தின் தொடக்கம். பாதையை விட்டு இறங்கவே வேண்டாம். வழி தவறிவிட்டது என்று தோன்றினால் கடைசியாகப் பார்த்த கம்பத்துக்குத் திரும்பிப் போங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாள் கைகொடுக்கிறது. வடக்கே ஆறு திடீரென்று காணாமல் போகும் இடத்தைத் தாளில் பார்க்கலாம். கூம் போர்த் கார் பார்க்கின் அடியில், கட்டம் எஸ்என் 928 124இல் (தாளில் ஓர் இடத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும்; விளக்கம் பின்னால் வருகிறது), போர்த் அர் ஓகோவ் குகை. மெல்ட்டே ஆறு அகன்ற வாய்க்குள் நுழைந்து, சுண்ணாம்புப்பாறைக்கு அடியில் ஓடி, தெற்கே வெளியே வருகிறது. நீலக்கோடு அறுந்து மறுபடி தொடங்குவதைப் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். வாயில்வரை போய்ப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறு வெளியே வரும் குளம் அமைதியாகத்தான் தெரியும், ஆனால் ஆழம், கடும் குளிர். அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. மேலே எங்கோ மழை பெய்தால் குகைக்குள் தண்ணீர் மட்டம் வேகமாக ஏறும்.

சுண்ணாம்புப்பாறை முடிந்து தெற்கே வந்ததும் நிலம் மாறுகிறது. கடினமான மணற்கல்லும் மென்மையான களிப்பாறையும் பிளவுகளால் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. மென்மையானதை ஆறு அரித்துவிடும், கடினமானது உதடு போல நீட்டிக்கொண்டு நிற்கும். ஸ்கூட் அர் எய்ராவின் பின்னால் நடந்து போக முடிவது இதனால்தான்: மேலே மணற்கல் கூரை, அடியில் அரிக்கப்பட்ட களிப்பாறை இடுக்கு. கால் வைக்கும் பலகைக்கல் எப்போதும் ஈரம், பாசி பிடித்தது. உள்ளே போகும்போது பாறைப்பக்கம் ஒரு கையை வைத்துக்கொண்டு, எதிரே வருகிறவர் கடக்கும்வரை நின்று, பிறகு நகருங்கள். படம் எடுக்கப் பின்னோக்கி நடக்கிறவர்கள்தான் விழுகிறார்கள். மேலிருந்து கல் உதிர்வதும் உண்டு, அதனால் அங்கே உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்க வேண்டாம். போனுக்கு நனையாத பை கட்டாயம். தெறிக்கும் தண்ணீர், மழைச்சட்டையின் கழுத்து வழியாகவும் உள்ளே போகும். கனமழை பெய்த மறுநாள் அருவி பார்க்கக் கண்கொள்ளாது, ஆனால் பின்னால் போகும் வழியை அன்றைக்கு மறந்துவிடுங்கள். ஒரு நாள் விட்டுப் போனால் தண்ணீரும் இருக்கும், வழியும் இருக்கும்.

வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் கூட வந்தால் நான்கு அருவியை விட்டுவிட்டு, இதே தாளின் தெற்கில் பொன்ட்னெத்வெக்கன் கிராமத்தைப் பாருங்கள். அங்கிருந்து நெத் வெக்கன் ஆற்றோரமாகப் போகும் பாதையில் சுமார் 2 கிலோமீட்டரில் ஸ்கூட் க்விலாடிஸ் வந்துவிடும். முதல் பகுதி அகலமான பழைய தொழிற்பாதை. மெல்ட்டே பக்கம் போனால் 1857 முதல் 1931 வரை இயங்கிய வெடிமருந்து ஆலையின் இடிபாடுகள் மரங்களுக்கு நடுவில் கிடக்கின்றன. இந்த இரண்டு நடைக்கும் மேப் பெரிதாகத் தேவைப்படாது. அருவி ஒன்றே ஒன்று போதும், உயரமாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு மேற்கே கோயெல்ப்ரென் அருகில் ஹென்ஹ்ரிட். 27 மீட்டர், தெற்கு வேல்ஸில் இதுதான் உயரம். இறக்கம் குறுகியது, செங்குத்து.

ஞாயிற்றுக்கிழமை கதை வேறு.

பென் அ வான் 886 மீட்டர். தெற்கு வேல்ஸிலேயே உயர்ந்த உச்சி. பக்கத்தில் கோர்ன் டீ 873 மீட்டர், கிழக்கே க்ரிபின் 795 மீட்டர். ஏ470 சாலையில் பொன்ட் ஆர் டாவ் கார் பார்க்கில் தொடங்கினால் சாலையே கடல்மட்டத்துக்கு 440 மீட்டர் மேலே இருக்கிறது, பாதி மலையைக் கார் ஏறித் தந்துவிடுகிறது. கார் இல்லாதவர்களுக்கு மெர்த்தர் டிட்வில், பிரெகன் ஊர்களுக்கு நடுவில் ஓடும் டி4 பேருந்து ஸ்டோரி ஆர்ம்ஸ் நிறுத்தத்தில் நிற்கும். பெயரைப் பார்த்துவிட்டு அங்கே பப் இருக்கும், திரும்பி வந்து சூடாக ஏதாவது குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இப்போது அது வெளிப்புறப் பயிற்சி மையம். ஞாயிறு பேருந்து நேரத்தைத் திரும்பும் வழிக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொன்ட் ஆர் டாவ் வழி கல் பாவிய அகலப்பாதை. வெயில் நாளில் ஆயிரக்கணக்கில் ஏறுவார்கள், மேப்பே வேண்டாம், முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம். ஆர்ட்னன்ஸ் சர்வேயை வாங்குவது அந்த நாளுக்காக இல்லை. மேகம் இறங்கி, முன்னால் போகிறவரின் முதுகும் தெரியாமல் போகும் நாளுக்காக.

நேரக்கணக்கு முதலில். 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் செல்லும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். போய்வர ஏறக்குறைய 6.5 கிலோமீட்டர், அதற்கு ஒரு மணி 18 நிமிடம். ஏற்றம் சுமார் 450 மீட்டர். அதற்கு 45 நிமிடம். ஆக இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இது நிற்காமல், படம் எடுக்காமல், தண்ணீர் குடிக்காமல் நடக்கும் ஸ்காட்லாந்து மலையேறியின் கணக்கு. குடும்பமாகப் போனால் அதில் பாதியைக் கூட்டி மூன்று மணி, குளிர்காலத்தில் மூன்றரை. டிசம்பரில் நான்கு மணிக்கே சூரியன் இறங்கிவிடும்; மதியம் ஒரு மணிக்குப் பிறகு கிளம்புகிறவர் தலைவிளக்கு இல்லாமல் கிளம்பக் கூடாது.

வந்த வழியே திரும்பாமல் வட்டமாக வரலாம் என்று ஸ்டோரி ஆர்ம்ஸ் பாதையில் ஏறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாதை முதலில் ஒரு தோளில் ஏறி, பிறகு டாவ் ஆற்றின் தலைப்பு ஓடைக்கு இறங்கி, மறுபடி ஏறுகிறது. இதைத் தாளில் முன்கூட்டியே பார்க்கலாம்: ஏறிக்கொண்டே போன உயர எண்கள் நடுவில் குறையும். மேலே மேட்டுவிளிம்பைச் சேரும் இடத்தில் டாமி ஜோன்ஸ் என்ற ஐந்து வயதுச் சிறுவனின் நினைவுத்தூண் நிற்கிறது. 1900 ஆகஸ்டில் கீழே பள்ளத்தாக்கில் பாட்டன் வீட்டுக்குப் போகும் வழியில் தொலைந்தவன், 29 நாள் கழித்து இந்த உயரத்தில் கிடைத்தான். பள்ளத்தாக்கில் வழி தவறியவன் இவ்வளவு மேலே வருவான் என்று தேடியவர்கள் நினைக்கவில்லை.

மேகத்தில் நடக்கும் தவறு உச்சியில்தான் தொடங்கும். உச்சி தட்டையானது, சுற்றி நாலாபுறமும் தடங்கள். வந்த பக்கம் என்று நினைத்து வடக்கு முதுகில் இறங்கினால் காரிலிருந்து விலகி பிரெகன் பக்கம் போய்ச் சேர்வீர்கள். கிழக்கே இறங்கினால் க்ரிபின். வடக்கு, வடகிழக்குச் சரிவில் சம உயரக் கோடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கறுத்திருக்கும். தெற்கே விரிந்து தளர்ந்திருக்கும். பனியாறு குடைந்தது வடக்குப் பக்கத்தை. கோடுகள் கறுத்த பக்கம் கால் போகக் கூடாது. உச்சியில் இருந்து கோர்ன் டீ நோக்கிய திசை ஏறக்குறைய 250 டிகிரி, தூரம் அரை கிலோமீட்டர். இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் வீட்டிலேயே உங்கள் தாளில் காம்பஸ் வைத்து அளந்து, மேப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். காற்றில் விரல் விறைத்த பிறகு அளந்தால் தப்பாகத்தான் வரும். காந்தத் திருத்தம் பற்றிப் பழைய பாடங்கள் சொல்லும் கூட்டல் கழித்தல் இப்போது இங்கே வேண்டியதில்லை. மேப்பின் கட்டக்கோடு காட்டும் வடக்குக்கும் காம்பஸ் ஊசி காட்டும் வடக்குக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள்தான். அதைவிடப் பெரிய பிழையை உங்கள் போன் செய்யும். காந்தம் வைத்த போன் உறைக்குப் பக்கத்தில் ஒரே பையில் காம்பஸைப் போட்டால் ஊசி தலைகீழாகவே மாறிவிடலாம், வடக்கு தெற்காகிவிடும். இரண்டையும் வேறு வேறு பையில் வையுங்கள், கார் பார்க்கில் ஒரு முறை சரிபாருங்கள்.

அடுத்தது, இந்தத் தாளிலேயே மிகவும் நுட்பமான பொறி. கட்ட எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்து வரும். ஸ்டோரி ஆர்ம்ஸ் எஸ்என் 982 203. பென் அ வான் உச்சி எஸ்ஓ 012 215. ஒரே நடை, இரண்டு எழுத்து. கோர்ன் டீக்குக் கீழே உள்ள கணவாய்க்குச் சற்று முன்னால் கிழக்கு எண் (முதல் மூன்று இலக்கத்தில் முதல் இரண்டு) 99இல் இருந்து 00க்குத் தாண்டும்போது எழுத்தும் மாறுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு எழுத்துச்சோடியும் 100 கிலோமீட்டர் சதுரம். அந்த எல்லை இந்த மலையின் மேலேயே ஓடுகிறது. காலையில் கார் பார்க்கில் பார்த்த எஸ்என் என்பதையே நினைவில் வைத்துக்கொண்டு, உச்சியில் கால் பிசகியவருக்காக "எஸ்என் 012 215" என்று போனில் சொன்னால், அந்த இடம் சரியாக 100 கிலோமீட்டர் மேற்கே, பெம்ப்ரோக்‌ஷரில் இருக்கிறது. எழுத்தையே விட்டுவிட்டு ஆறு எண்ணை மட்டும் சொல்வதும் அதே ஆபத்து. எண்ணோடு "பென் அ வான் உச்சி" என்று பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேப்பின் ஓரத்திலும் இந்த இரண்டு எழுத்துகளைப் பெரிதாகப் பென்சிலில் எழுதிவையுங்கள்.

உதவிக்கு 999 அல்லது 112. முதலில் போலீஸ் என்று கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். நேராக ஆம்புலன்ஸ் கேட்டால் சாலைக்குத்தான் வரும். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. பேச்சு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகலாம், ஆனால் அதற்கு முன்கூட்டியே 999க்கு 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். கிளம்பும் முந்தைய இரவே செய்துவிடுங்கள். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. மூன்று ஊதல் வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள்.

குளிர் பற்றி எல்லோரும் சொல்வார்கள். உச்சியில் கார் பார்க்கைவிட மூன்று நான்கு டிகிரி குறைவு, காற்று தனி. வெயிலைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுவார்கள். 2013 ஜூலையில் இதே மலைகளில் பயிற்சி நடையில் இருந்த ராணுவ ரிசர்வ் வீரர்கள் மூவர் வெப்பத்தால் இறந்தார்கள். மரநிழல் ஒன்றுகூட இல்லாத மலை இது. தாளில் பச்சை நிறம் எங்கே முடிகிறது என்று பாருங்கள், நிழலும் அங்கேயே முடிகிறது. கோடையில் தலைக்கு 2 லிட்டர் தண்ணீர்.

போட்டிக்கு என்ன இருக்கிறது? ஆர்ட்னன்ஸ் சர்வேயின் இன்னொரு வரிசையான லேண்ட்ரேஞ்சரில் 160ஆம் தாள், 1:50,000 அளவு. பரப்பு அதிகம், சாலைத் திட்டத்துக்கு நல்லது. வேலியும் சுவரும் தெரியாது, மலைமேல் வேண்டாம். ஹார்வி நிறுவனத்தின் பிரெகன் பீக்கன்ஸ் மலை மேப் 1:40,000. நெகிழித் தாளில் அச்சிட்டது, நனையாது, கிழியாது, எடையும் பாதி. மலைமுகட்டில் மட்டும் நடக்கிறவர்கள் அதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது, படிக்கவும் தெளிவு. ஆனால் சம உயரக் கோடுகள் 15 மீட்டர் இடைவெளி. பொதுப்பாதை உரிமை, வயல்வெளி நடை, கீழே கிராமத்துப் பாதை எல்லாம் வேண்டும் என்றால் ஓஎல்12தான். இலவசப் போன் மேப்புகள் பொன்ட் ஆர் டாவ் வரைக்கும் கார் ஓட்டப் போதும். யாரோ ஒருவர் பதிவேற்றிய தடத்தை அப்படியே பின்பற்றுவது, அவர் எந்த மாதத்தில், எந்த மழைக்குப் பிறகு நடந்தார் என்று தெரியாமல் அவர் காலடியில் கால் வைப்பது.

அப்படியானால் யார் வாங்கலாம்? அருவிக்கு மட்டும் ஒரு நாள் போகிறவர்களுக்குக் கார் பார்க் பலகையும் பாதைக்கம்பமும் போதும், அந்தக் காசுக்கு நல்ல பிடிமானம் உள்ள காலணி வாங்குங்கள். மலைக்கும் சேர்த்துப் போகிறவர்கள், வருடத்தில் இரண்டு மூன்று தடவை தெற்கு வேல்ஸ் வருகிறவர்கள் பூச்சுப் போட்ட பதிப்பை வாங்கலாம். கிழக்கே ஆபர்கவெனி, பிளாக் மவுண்டன்ஸ் பக்கம் போகிறவர்கள் அவசரத்தில் இதை எடுத்துவிடாதீர்கள், அது ஓஎல்13. அட்டையில் இருக்கும் குட்டிப்படத்தில் உங்கள் மலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பதிப்பு ஆண்டையும் பாருங்கள். மலை நகராது, ஆனால் கார் பார்க்கும் பாதையும் நகரும்.

காகிதப் பதிப்பு நனைந்துவிட்டால் ஹீட்டர் மேல் போடாதீர்கள், மடிப்பு முறுகி ஒடியும். விரித்து, துணிமேல் கிடத்தி, தானாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு பழைய மடிப்பிலேயே மடியுங்கள். புது மடிப்பு போட்டால் அடுத்த மழையில் கிழிவது அங்கேதான். மடிப்புச் சந்திப்புகளில் பின்பக்கம் ஒளிபுகும் டேப் ஒட்டினால் இன்னும் ஒரு வருடம் ஓடும்.